சேர்ந்தது என்கிறது றிப்போட்

ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல அதை அனுப்புகிற தொழிலில் எட்டு நிலைகள் வைத்திருக்கிறார்கள். வழியில் நிற்கிறது, ஏற்கப்பட்டது, சேர்ந்தது, காலாவதி, அழிக்கப்பட்டது, சேர்க்க முடியவில்லை, நிராகரிக்கப்பட்டது, தெரியாது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கும் சந்தைப்படுத்தல் அதிகாரி ஒரு பொத்தானைத் தட்டினால், யாழ்ப்பாணத் தீவகத்து மனிசர் ஒவ்வொருவரும் இந்த எட்டில் எந்த நிலையில் இருக்கிறார் என்று நிறம் நிறமாகத் திரையில் விழும். அதே தீவகத்து மனிசர் நெடுந்தீவுக்கு இன்றைக்குப் படகு ஓடுமா என்று உறுதியாக அறிய வேண்டுமானால் குறிகட்டுவான் ஜெட்டிக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 776 ஆம் இலக்க பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று குலுங்கிக்கொண்டு போனால் ஜெட்டி வரும். கடல் எழும்பியிருக்கும். படகு கட்டிக் கிடக்கும். பெரியாஸ்பத்திரியில் கிளினிக் முடித்து மருந்துப் பையோடு வந்த கிழவியும், காலை வகுப்புக்குப் போக வந்த ஆசிரியையும், அரிசி மூட்டையோடு வந்த கடைக்காரரும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஆனால் அந்த பஸ் பயணத்தில் மூன்று பேரின் போனும் சும்மா இருந்திருக்காது. நகைக்கடையின் ஆடித் தள்ளுபடி வந்திருக்கும். கடன் அட்டை வேண்டுமா என்று ஒரு வங்கி கேட்டிருக்கும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பீட்சா வந்திருக்கும். அந்த பீட்சாவை நெடுந்தீவுக்குக் கொண்டுபோக பாலம், தாம்போதி, கடல் மூன்றும் தாண்ட வேண்டும் என்பது அடுப்பில் நிற்பவனுக்குத் தெரியாது. கொழும்பில் கடல் தெரியும் அடுக்குமாடி வீடு விற்பனைக்கு என்றும் ஒன்று வரும். நாலு பக்கமும் கடல் உள்ளவனுக்குக் கடலை விற்கிற துணிச்சலை நான் மெச்சுகிறேன். எல்லாம் சேர்ந்தது. திரை முழுக்கப் பச்சை. கூட்டத்தில் கைதட்டல்.

சேர்ந்தது என்று யார் சொன்னது? இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் மோசடி இருக்கிற இடம் இதுதான். விளம்பரக் கம்பனி செய்தியை எழுதி இடைத்தரகர் ஒருவரிடம் கொடுக்கிறது. அவர் அதைத் தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி நிலையத்துக்குத் தள்ளுகிறார். அந்த நிலையம் உங்கள் இலக்கம் இப்போது எந்தப் பக்கத்துக் கோபுரங்களின் கீழ் இருக்கிறது என்று பதிவேட்டில் பார்த்து, அங்கே அனுப்புகிறது. உங்கள் சட்டைப்பையில் கிடக்கிற போன், உங்களைக் கேட்காமலே, வாங்கிக்கொண்டேன் என்று திருப்பிச் சொல்கிறது. அந்த இயந்திரப் பதில் வந்த வழியே திரும்பிப் போய்க் கொழும்புத் திரையில் பச்சையாகிறது. இதற்குள் மனிசர் ஒருவரும் இல்லை. நீங்கள் படித்தீர்களா, விளங்கியதா, கோபம் வந்ததா, கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தீர்களா, போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு ஆட்டுக்குக் குழை வெட்டப் போயிருந்தீர்களா, ஒன்றும் அந்த றிப்போட்டில் இல்லை. இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று கும்பிடு போட்டுக்கொண்டதை வைத்து ஒரு கம்பனி உங்களைத் தான் சந்தித்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிறது. அந்தக் கணக்குக்குத்தான் காசு.

நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று இன்றும் நிற்கிறது. கடல் தாண்டிச் செய்தி அனுப்பப் புறா வளர்த்த இடம் என்று ஊரார் காட்டுவார்கள். அந்தப் புறாவுக்காவது பசி இருந்தது, களைப்பு இருந்தது. காலில் கட்டிய ஓலையை அவிழ்க்க மறுமுனையில் ஒரு கை வேண்டியிருந்தது.

இனி மொழிக்கு வருவோம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தில் 160 எழுத்து பிடிக்கும். சிங்களத்திலோ தமிழிலோ எழுதினால் 70 இடம்தான். தமிழில் அந்த எழுபதும் எழுபது எழுத்து இல்லை. மெய்யெழுத்தின் புள்ளி ஓர் இடம் பிடிக்கும், கொம்பு ஓர் இடம், கால் ஓர் இடம். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகும், துண்டொன்றுக்கு 67, துண்டுக்குத் துண்டு காசு. ஆக, தமிழனுக்குத் தமிழில் பொருள் விற்கப் போகிற கம்பனி, ஆங்கிலத்தில் விற்பதை விட இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். கம்பனி கொடுக்குமா? ஆங்கிலத்தில் அனுப்புகிறது. அல்லது சிங்களத்தில் அனுப்பிவிட்டு இருக்கிறது. அல்லது கருணை மிகுந்து, தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு அனுப்புகிறது. அன்பான வாடிக்கையாளரே என்பதை வாய்விட்டுப் படித்தால் பல்லு உடையும். உலகத் தரநூலில் தமிழுக்கென்று தனி எழுத்தட்டவணை ஒன்று இருக்கிறது. அதைக் கையாண்டால் ஒரு செய்தியில் இன்னும் நிறையத் தமிழ் பிடிக்கும். அட்டவணை தரநூலில் இருக்கிறது, போனில் இல்லை. இலங்கைத் தமிழருக்கு இது புதிதல்ல. 1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அரசியலமைப்பில் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்குக் கொழும்பிலிருந்து வருகிற சுற்றறிக்கையில் தேடிப் பாருங்கள்.

தமிழில் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று ஒரு சாட்டு சொல்வார்கள். நான் சொல்லிக் காட்டுகிறேன். ‘நாளை காலை நெடுந்தீவுப் படகு ஓடாது. கடல் கொந்தளிப்பு.’ புள்ளி, கொம்பு, கால், இடைவெளி எல்லாம் எண்ணினாலும் 52 இடம். ஒரே செய்தியில் அடங்கிவிட்டது. மிச்சமுள்ள பதினெட்டில் அமைச்சர் தன் பெயரையும் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயர் போட இடம் கொடுத்தால்தான் இந்த நாட்டில் எதுவும் அசையும்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2010 புத்தாண்டுக்கு நாட்டின் கைத்தொலைபேசிகள் கிணுகிணுத்தன. அனுப்பியவர் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. வாழ்த்துத்தான். அந்த மாதம் 26 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் என்பது தற்செயல். என் இலக்கத்தை ஜனாதிபதிக்கு ஆர் கொடுத்தது என்று கேட்ட சிலருக்கு ஒரு பதிலும் சேரவில்லை. போர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. முகாமில் இருந்த சனத்தில் எத்தனை பேரிடம் போன் இருந்தது என்று கேட்காதீர்கள். கையில் இருந்த போன்களுக்கு நல்லாட்சி ஒழுங்காகச் சேர்ந்தது.

அக்கரையிலும் இதே கூத்துத்தான். 2024 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடியின் கடிதம் வாட்ஸப்பில் கோடிக்கணக்கான போன்களில் வந்து விழுந்தது. தேர்தல் நடத்தை விதி 16 ஆம் திகதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் செய்தி வந்துகொண்டே இருந்தது. எல்லை தாண்டிப் பாகிஸ்தானிலும் வளைகுடாவிலும் இருந்தவர்களுக்குக்கூட வந்தது. நிறுத்து என்று தேர்தல் ஆணையம் 21 ஆம் திகதி சொன்னது. அதற்கு அங்கத்தைய அமைச்சு கொடுத்த விளக்கத்தை நான் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டத் தயார்: 15 ஆம் திகதியே அனுப்பியாயிற்று, வலையமைப்பின் குறைபாட்டால் சில பிந்திச் சேர்ந்திருக்கலாம். உலகத்திலேயே பெரிய சனநாயகத்தின் அரசாங்கம், வழியில் நிற்கிறது என்ற நிலையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இனி எந்த ஊழல்காரனும் பயப்படத் தேவையில்லை. நான் விதிக்கு முதலே அனுப்பிவிட்டேன், சிக்னல் சரியில்லை.

சிக்னல் சரியில்லை என்று சொல்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். 2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது. பதிவு செய்யப் போனுக்கு ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கம் வரும், அதைத் தட்ட வேண்டும், தட்டினால்தான் கணக்கு. அந்த இலக்கத்துக்கு ஆயுள் சில நிமிடம். தீவுகளில் சிக்னல் ஒரு மூலையில் இருக்கும், மறு மூலையில் இராது. பவளக்கல் மதிலில் ஏறி நின்று போனை வானத்துக்கு நீட்டிப் பிடித்தவனுக்கு இலக்கம் வந்து சேரும்போது அது செத்துப் பிறந்திருக்கும். காலாவதி. திரும்பக் கேள். திரும்பக் காலாவதி. அரசாங்கம் தன் பக்கத்தில் அனுப்பிவிட்டது, பிழை மதிலில் நின்றவனுடையது. அடுத்த மாதம் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. வள்ளக்காரருக்கு அந்தச் செய்தி மட்டும் சிக்னல் இல்லாமலே சேர்ந்தது, வெறும் கானோடு.

அடுத்தது மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியில் ஓடிவந்த தீவுகள். சூரியனும் காற்றும் கலந்த மின்சாரம் தருகிறோம் என்று 2021 சனவரியில் ஒரு சீனக் கூட்டுக் கம்பனிக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஏற்கப்பட்டது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இந்தியாவுக்குச் சிலிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி, மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாக வேலை நிறுத்தப்பட்டதாகவும், அதே கம்பனி மாலைதீவில் 12 தீவுகளுக்கு மின்சாரம் கொடுக்க ஒப்பமிட்டுவிட்டதாகவும் சீனத் தூதரகம் அறிவித்தது. எங்களுக்கு அனுப்பிய வெளிச்சம் விலாசம் மாறி மாலைதீவில் சேர்ந்திருக்கிறது. அந்த மாதமே சீனத் தூதர் வேட்டி கட்டிக்கொண்டு நல்லூருக்கு வந்தார். வேட்டி சேர்ந்தது. பிறகு இந்தியாவின் நன்கொடை. 2022 மார்ச்சில் உடன்படிக்கை. 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனி ஒன்றுக்கு ஒப்பந்தம்: 1,700 கிலோவாற் சூரியன், 530 கிலோவாற் காற்று. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டில்லிக்குப் போனபோது வந்த கூட்டறிக்கையிலும் அதே மூன்று தீவுகளின் பெயர். இரண்டு வல்லரசுகள் எங்கள் மின்விளக்கை வைத்துச் சதுரங்கம் ஆடியதற்கு நாங்கள் பெருமைப்பட வேண்டும் போலும். தன் தீவின் பெயர் இவ்வளவு பெரிய இடங்களில் அடிபடுகிறது என்பது அனலைதீவில் அரிக்கன் லாம்பு துடைக்கிற ஆச்சிக்குத் தெரியுமோ தெரியாது. அந்த ஆண்டுகள் முழுக்க மூன்று தலைநகரங்களிலும் யாரோ ஒரு அதிகாரி தன் முன்னேற்ற அறிக்கையில் பச்சை நிறம் தீட்டிக்கொண்டிருந்திருப்பார்.

பொய்ப் பச்சைக்குக் குறுஞ்செய்தித் தொழிலிலே நல்ல வரலாறு உண்டு. மலிவு விலையில் குறுஞ்செய்தி அனுப்பித் தருகிறோம் என்று வருகிற இடைத்தரகரில் சிலர் செய்தியைக் குறுக்கு வழியில் தள்ளிவிட்டு, அது போய்ச் சேர்வதற்கு முதலே சேர்ந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். இன்னும் சிலர் அனுப்பாமலே எழுதுவார்கள். பட்டியலில் நாலைந்து சொந்த போன் இலக்கங்களைச் செருகி வைத்துப் பார்த்தால்தான் கள்ளன் பிடிபடுவான். பெரிய கம்பனிகளும் இதற்குத் தப்பவில்லை. ட்விட்டரை வாங்கிய ஈலோன் மஸ்க், போலிக் கணக்குகளை வைத்துக் குறுஞ்செய்தி வரவழைத்துத் தொலைபேசி நிறுவனங்கள் ஆண்டுக்கு 6 கோடி டொலர் கறந்துவிட்டன என்று குற்றஞ்சாட்டினார். அவர் சொல்வதையெல்லாம் நான் நம்புகிறவன் அல்ல. ஆனால் காசு கொடுத்து ‘சேர்ந்தது’ வாங்குகிற சந்தையில் ‘சேர்ந்தது’ உற்பத்தியாகாமல் வேறென்ன உற்பத்தியாகும்? மனுக்களுக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது, பயனாளிகள் தெரிவு செய்யப்பட்டனர், விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது என்று மாவட்டச் செயலகக் கூட்டங்களில் வாசிக்கிற தாள்களும் இந்தச் சந்தையின் சரக்குத்தான்.

உண்மையிலேயே சேர்ந்த செய்திகளின் கதை இதை விட மோசம். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை எங்கள் அரச புலனாய்வுச் சேவையின் தலைவருக்கு வந்து சேர்ந்தது. தேவாலயங்களும் இந்திய உயர்ஸ்தானிகராலயமும் இலக்கு என்று சொன்ன எச்சரிக்கை. அது 11 ஆம் திகதியிட்ட பொலிஸ் கடிதமாகப் பிரமுகர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களுக்கும் போனது. ஒவ்வொரு மேசைக்கும் சேர்ந்தது. 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. குண்டுவெடிப்புகளில் 260 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த எச்சரிக்கை தேவாலய வாசலில் நிற்கிற ஒரு சங்கிலித்தாமுக்குச் சேரவில்லை. பாட்டுக்கு வந்த பிள்ளைகளின் தாய்மாருக்குச் சேரவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. 2023 சனவரி 12 இல் உயர் நீதிமன்றம் அவரைப் 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. பொலிஸ் மா அதிபரும் புலனாய்வுத் தலைவரும் ஏழரைக் கோடி வீதம். இத்தனை பேருக்குச் சேர்ந்தும் ஒருவரும் வாங்கவில்லை என்று நாட்டின் உச்ச நீதி மேடையே பதிவு செய்து வைத்திருக்கிறது. நகைக்கடைத் தள்ளுபடி பதினைந்து நொடியில் எனக்கு வருகிற நாட்டில், குண்டு வெடிக்கப் போகிறது என்ற செய்தி பதினேழு நாளில் கொச்சிக்கடைத் தேவாலயம் வரை வரவில்லை. இரண்டுக்கும் ஒரே கோபுரம்தான். ஒன்றில் ஆருக்கோ இலாபம் இருந்தது.

அவசரத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 2009 சனவரியில் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜும் சேர்ந்து அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றைத் திறந்து வைத்தன. மூன்று மொழியிலும் அனுப்பலாம் என்றார்கள். ஒவ்வொரு இலக்கமாகத் தேடிப் போகாமல், ஒரு கோபுரத்தின் கீழ் நிற்கிற எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகிற முறையும் அதில் உண்டு. சுனாமி முடிந்து நாலு ஆண்டு கழித்து வந்தாலும் அது நல்ல வேலை, மனம் நோக வைக்க மாட்டேன். ஆனால் ஒரு வினா. புங்குடுதீவில் நிற்பவன் யார், நயினாதீவில் நிற்பவன் யார் என்று கோபுரத்தை வைத்துப் பிரிக்க முடியும் என்று 2009 இலேயே தெரிந்திருந்தால், குறிகட்டுவான் கோபுரத்தின் கீழ் நிற்பவனுக்குப் படகு இல்லை என்று சொல்ல என்ன தடை? ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் கடலே கறுத்துப்போகிற மாதிரிச் சனம் வரும். நாகவிகாரைக்குத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். அவர்களுக்கு அன்று ரீலோட் சலுகை வரும், கண்டிப்பாக வரும்.

எட்டு நிலைகளில் சேர்க்க முடியவில்லை என்பதற்குள்ளே ஒரு காரணக் குறிப்பு இருக்கும். போன் அணைந்திருந்தால், கோபுரத்துக்கு எட்டாமல் இருந்தால், சந்தாதாரர் இல்லை என்று குறிப்பார்கள். செய்தியைச் சில மணி நேரமோ இரண்டு மூன்று நாளோ வைத்திருந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும் இயந்திரம், பிறகு கைவிடும். தீவகத்தில் இந்தக் குறிப்பைப் படிக்கிறபோது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1990 ஆகஸ்டில் படையினர் தீவுகளைப் பிடித்தபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் கொண்டுபோகப்பட்ட பொடியன்கள் இல்லை. 2006 ஆகஸ்ட் 20 ஆம் திகதி அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் கடற்படைச் சோதனைச் சாவடிப் பக்கம் கடைசியாகக் காணப்பட்டார், பிறகு இல்லை. அரசாங்கம் 2016 இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றியது. அலுவலகம் இயங்கத் தொடங்க 2018 ஆனது. தேடித் தரவா? இவர் காணப்படவில்லை என்று சான்றிதழ் கொடுக்கவும் அதே 2016 இல் சட்டம் செய்தார்கள். தாய்க்குத் தெரிந்ததைத் தாயிடமே முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள், சேர்ந்தது என்பதற்கு. அந்த இயந்திரம் மூன்று நாள் தட்டிப் பார்த்துக் கைவிடுகிறது. தெருவோரக் கொட்டிலில் படத்தோடு இருக்கிற தாய்மாருக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. சிலர் தட்டிக்கொண்டே செத்தும் போனார்கள்.

உலகத்தின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தில் போனது. நீல் பப்வேர்த் என்ற இளம் பொறியியலாளர் கணினியில் நத்தார் வாழ்த்துத் தட்டி, வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விசுக்கு அனுப்பினார். அந்த டிசம்பரில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். ஜார்விசுக்குச் செய்தி சேர்ந்தது. ஆனால் அவர் பதில் எழுதவில்லை. எழுத முடியாது. அந்தக் காலத்துப் போனில் செய்தியை வாங்கலாம், அனுப்பும் வசதி கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் ஓடி, செயற்கை மூளை வரை வந்துவிட்டோம். இன்று நகைக்கடையின் பெயரிலும் வங்கியின் பெயரிலும் அமைச்சின் பெயரிலும் வருகிற செய்திகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். இலக்கத்துக்குப் பதில் பெயர் ஒட்டிய முகமூடி அது. உள்ளே போக வாசல் இல்லை. அனுப்ப முடியவில்லை என்று உங்கள் போனே உங்களிடம் சொல்லும். தீவகத்தார் கடற்பாதைக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணீருக்கும் எழுதிக் கொடுத்த மகஜர்கள் மட்டும் ஓர் அறை நிறையும். ஒன்றுக்காவது பச்சை விழுந்ததா? விதானையார் மேலே அனுப்பினார், பிரதேச செயலர் மேலே அனுப்பினார், மேலே இருப்பவர் அதற்கும் மேலே அனுப்பினார். வழியில் நிற்கிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் வந்தது, 9 ஆம் இலக்கச் சட்டம். என் சம்மதம் இல்லாமல் எனக்கு விளம்பரம் அனுப்பக்கூடாது, வேண்டாம் என்று காசில்லாமல் சொல்ல வழி வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பகுதியை நான் இரண்டு முறை படித்தேன், அவ்வளவு அழகு. பிறகு நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போனது. 2025 இல் சட்டத்துக்கே திருத்தம் வந்தது. கம்பனிகளுக்கு ஆயத்தப்பட அவகாசம் வேண்டுமாம். எனக்கு ஆயத்தப்பட ஒருவரும் அவகாசம் தரவில்லை. குறிகட்டுவானில் நிற்கும்போதே பீட்சா வந்துவிடுகிறது.

ஆகவே கனவான்களே, உங்கள் வாழ்த்தும் தள்ளுபடியும் கடல் தெரியும் வீடும் எனக்கு வேண்டாம். வேண்டாம் என்று எந்த இலக்கத்துக்கு எழுத வேண்டும் என்பதை மட்டும் அறிவியுங்கள். தமிழில்தான் எழுதுவேன். எழுபது இடத்துக்குள் அடக்குகிறேன், அதற்குள் அடங்குகிற நல்ல தூஷண வார்த்தைகள் எங்கள் ஜெட்டியில் தாராளமாகக் கிடைக்கும்.